அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கு

யாரைக் கண்டாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பது எங்கள் ரப்பர்த் தோட்டத்து வழக்கம். நின்று பதில் கேட்டுப் போகிறவர்கள் குறைவு. அது கேள்வி அன்று, ஒருவகை வணக்கம். அடுத்த வீட்டு அக்கா அதைக் கேட்டு நான் அறிந்ததில்லை. பள்ளி முடிந்து புத்தகப் பையோடு எங்கள் குடியிருப்பான லயத்துக்குள் நுழையும் பிள்ளைகளை அவர் தம் வீட்டு வாசலில் நிறுத்தி, "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்பார். அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் போகும் என்று அடுத்த கேள்வி வரும்.

பிள்ளைகளோடு அவர் நிற்கவில்லை. பக்கத்து ஊரான செமோரில் கோயில் சொற்பொழிவு கேட்டுத் திரும்பிய தம் தாயிடம் கேட்டார். தோட்டத்து மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த டிரெசர், ஈப்போவில் ஒரு வாரப் பயிற்சி முடித்து வந்தபோது, அக்காவின் வெட்டுப்பட்ட விரலுக்கு அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கையிலேயே கேட்டார். ரப்பர்ப் பால் லாரி ஓட்டப் பழகிய ஒருவரையும் விடவில்லை.

"பிரேக்கு எங்க இருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க புள்ள."

"எப்ப மிதிக்கணும்னு சொல்லலையாண்ணே?"

"அது நாளைக்காம்."

"அப்ப இன்னைக்கு யாரும் ரோட்டுப் பக்கம் போகாதீங்கன்னு லயத்துல சொல்லிட்டு வாரேன்."

பள்ளிகளைப் பார்வையிட வரும் அதிகாரியை மலாயில் நாசிர் என்பார்கள். அக்காவுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. குழாயடியில் அவர் தலை தெரிந்தால், "நாசிர் வாராங்க, பாடத்த ஒப்பிங்க" என்று பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் கேட்பதை நிறுத்தியதில்லை.

நான் அதிகம் பேசாத பிள்ளை. வகுப்பில் விடை தெரிந்தாலும் கையை உயர்த்த மாட்டேன். அக்காவிடம் மட்டும் பேசினேன். நான் சொல்வதை அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பதில்லை, குறுக்கே கேட்பார். மழை எப்படி உண்டாகிறது என்று ஒருநாள் சொன்னபோது, அப்படியானால் கடலில் இருந்து வரும் மழை ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று கேட்டார். மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொன்னார். வகுப்பில் நான் எழுந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டது நானில்லை, அவர்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்பதற்குக் காரணம் உண்டு. லயம் என்பது தொழிலாளர்களுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். வேலை செய்யும்வரைதான் அந்த வீடு. செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் ஒரு குடும்பத்திலிருந்து இரண்டு பெயராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்தில் இருந்த விதி. அக்காவின் தந்தை மஞ்சள் காமாலையில் இறந்தபோது அங்கே அவருடைய தாயின் பெயர் மட்டும் மிஞ்சியது. அக்காவின் அண்ணன், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் சேர்ந்து, தினமும் ஈப்போவுக்குப் பேருந்தில் போய்வந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்தவர் அதற்குமுன் இல்லை. பதினைந்து வயது அக்கா மூன்றாம் படிவம். அரசுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. தீபாவளிக்குள் இன்னொரு பெயரைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியார் சொல்லிவிட்டார். யார் பெயர் என்பதை அந்தத் தாயால் சொல்ல முடியவில்லை என்றும், இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்றும் என் அம்மா சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில் அக்கா போய் நின்றார். தம் பெயரைத் தாமே சொன்னார்.

அதற்கு அவர் கேட்ட விலையை எல்லாரும் தீபாவளிக்கு முதல் நாள்தான் அறிந்தார்கள்.

தீபாவளிக்கு ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆடு வாங்கும். அறுத்த பின் வாழை இலைகளை வரிசையாக விரித்து, கறி, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் ஒவ்வொரு கூறிலும் சமமாக விழும்படி வைப்பார்கள். எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒரு கூறு மற்றதைவிடச் சற்று நன்றாகத்தான் இருக்கும். அதனால் சண்டை வராமலிருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்பார். பங்கு போடுகிறவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். அதற்குமேல் பேச்சில்லை. முதுகு காட்டி நிற்பவர் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார், கண்சாடை வாங்குகிறார் என்றெல்லாம் முன்பு புகார்கள் உண்டு. அக்கா நிற்கத் தொடங்கிய பின் அந்தப் புகார்கள் நின்றன.

அந்த ஆண்டும் அவர்தான் நின்றார். கடைசிக் கூறுக்கும் பெயர் சொல்லி முடித்த பிறகு அவர் திரும்பவில்லை. முதுகு காட்டியபடியே, "அண்ணே படிக்கப் போற படிப்புல பாதி, அது யாருக்கு?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அண்ணன், "உனக்குத்தான் புள்ள" என்றார். "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினார். எனக்கு அப்போது ஆறு வயது. இதை நான் பார்த்ததாகவே நினைவிருக்கிறது; அம்மா பலமுறை சொல்லக் கேட்டு உண்டான நினைவாகவும் இருக்கலாம்.

அதை ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டைப் பங்கு போடுவதுபோலப் படிப்பையும் பங்கு போடலாம், அதற்காக உழைத்தவர்களுக்கு அது வந்து சேர வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அண்ணன் ஆறாம் படிவத்தில் இருந்த காலம் முழுவதும் மாலைகளில் அது ஒழுங்காக வந்துகொண்டும் இருந்தது. சுவருக்கு அப்பால் அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். இதயத்தில் அறைகள் நான்கு என்பதையும், ஒளி வளையும் என்பதையும் நான் பள்ளியில் கற்கும்முன்பே அந்தச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டேன்.

பிறகு அண்ணன் கோலாலம்பூருக்குத் தாவரவியல் படிக்கப் போனார். பங்கு கடிதமாக வரத் தொடங்கியது. நடுப்பகலில் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் நேரத்தில்தான் அக்காவும் பால் வெட்டி, அதைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வீடு திரும்பியிருப்பார். விரல்களிலும் முன்கையிலும் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீருக்கு அது போகாது; உரித்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கையால் கடிதத்தைத் தொட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும். கை சுத்தமாகும்வரை பொறுக்கவும் அவரால் ஆகாது. எனவே எட்டு வயதான என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பேன். அவர் மெல்லிய நூல் நூலாகப் பாலை உரித்துக்கொண்டே கேட்பார். நான் தடுமாறினால் திருத்துவார். புரியாத இடத்தில், "திரும்பப் படி" என்பார்.

முதல் ஆண்டின் கடிதங்கள் நீளமானவை. அவற்றுள் ஒன்றை நான் மறக்கவில்லை. பால் மரத்தை ஏன் சாய்வாக வெட்டுகிறோம் என்று அண்ணன் எழுதியிருந்தார். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர்மேலாகச் செல்வதில்லை, வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. எனவே இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக இறங்கும் வெட்டு அதிகமான குழாய்களைத் திறக்கிறது என்று ஒரு சிறு படமும் வரைந்திருந்தார். அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாரு, நாம அனுப்பினதையே நமக்குத் திருப்பி அனுப்பியிருக்கான்லா. இதுக்குத்தான் கோலாலம்பூர் போனானாம்."

சிரித்து முடித்த பிறகு அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். நான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் தொடாமல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு தம் மரங்களுக்கிடையே போனார். ஒரு மரத்தின் வெட்டுக்கோட்டில் விரலை ஓட்டிக் காட்டி, "தெனமும் வெட்டுறேன். எப்படின்னு எனக்குத் தெரியும். ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அவர் முகம் அப்போது இருந்தது போல நான் பிறகு பார்க்கவில்லை. கல்லூரிப் படிப்பால் என்ன பயன் என்று என்னிடம் யாராவது கேட்டால், என்னால் சொல்லக்கூடிய விடை அந்த முகம் ஒன்றுதான்.

இரண்டாம் ஆண்டில் கடிதங்கள் சுருங்கின. இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம், இப்போது மலாயிலும் படிக்கிறோம், தமிழில் எழுதச் சொல் கிடைக்கவில்லை என்று அண்ணன் எழுதினார். மலாயிலேயே எழுது, நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்று அக்கா பதில் போட்டார். அதற்கு விடை வரவில்லை. மூன்றாம் ஆண்டில் வந்த கடிதங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: நலம், நலமறிய ஆவல், படிப்பு நன்றாகப் போகிறது, அம்மாவைப் பார்த்துக்கொள். நான் படித்து முடித்தபோது அவர் கையில் பாதிப் பால்கூட உரிந்திருக்காது. "அவ்வளவுதானா? பின்னாடி பாரு" என்பார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

பட்டமளிப்புக்கு அக்காவின் தாய் மட்டும் போய் வந்தார். அன்று அக்காவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அண்ணன் ஒரு தையல் இயந்திரத்தோடு வந்தார். கோலாலம்பூரில் ஒரு வங்கியில் அவருக்கு அதிகாரி வேலை கிடைத்திருந்தது. இயந்திரத்தை இறக்குவதைப் பார்க்க லயமே கூடியது. எல்லாரும் கலைந்த பிறகு அவர்கள் பேசியது, வழக்கம்போல், சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது.

"உனக்குத்தான் புள்ள. நல்ல மெஷினு."

"நல்லாருக்குண்ணே. ஆனா நான் கேட்டது இது இல்லையே."

"நீ கேட்டது மூணு வருஷப் படிப்புலா. அதை எப்படி உட்காந்து சொல்றது?"

"மூணு வருஷமும் வேணாம். ஒன்னே ஒன்னு சொல்லு."

என் அம்மா சோற்றுக் கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தது நினைவிருக்கிறது. பிறகு அண்ணனின் குரல் கேட்டது. அதில் கோபம் இல்லை, கூச்சம் இருந்தது.

"மறந்துபோச்சு புள்ள. பரீட்ச முடிஞ்சதும் எல்லாம் போயிருச்சு. பேங்குல அதையெல்லாம் யாரு கேக்கப் போறா?"

அக்கா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தால் சுவர் வழியாகக் கேட்டிருக்கும். கேட்டதெல்லாம் சோறு போடும் ஓசையும், குழம்பு இன்னும் வேண்டுமா என்று அவர் அண்ணனிடம் கேட்டதும்தான்.

அண்ணனைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பினார். தாயின் மருத்துவத்துக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. தம் பங்கைத் தாம் கொடுத்துவிட்டதாகவே அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அக்கா அந்த இயந்திரத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுத்தார். என்னுடையதையும் அவர்தான் தைத்தார். அளவெடுக்கும்போதுதான் அவருடைய கேள்வி வரும். நழுவி ஓட முடியாது.

நான் மூன்றாம் படிவத் தேர்வு எழுதிய ஆண்டில், மாலைக் குழாயடி வரிசையில் நான் நிற்க வேண்டாம் என்று சொல்லி, எங்கள் வீட்டு வாளிகளையும் அவரே தூக்கிக்கொண்டு போனார். நாளுக்கு ஒரு மணி நேரம், ஏறக்குறைய ஓர் ஆண்டு. அம்மா தடுத்தபோது, "சும்மா இல்ல பெரியம்மா. இவ படிப்புல எனக்கு ஒரு பங்கு வருது" என்றார். என் பக்கம் திரும்பி, "மறந்துறாத" என்றார். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறையும் பங்கு போட்டார் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது தோட்டம் வீட்டுமனைக்காக விற்கப்பட்டது. மரங்கள் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நாங்கள் சாமான் கட்டினோம். ஈப்போ புந்தோங்கில் எங்கள் குடும்பம் ஒரு வாடகை வீட்டுக்கும், அக்காவும் அவர் தாயும் இரண்டு தெரு தள்ளி ஓர் அறைக்கும் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குக் கிடங்குக் காவலாளி வேலை கிடைத்தது. அக்கா ஒரு டியூஷன் நிலையத்தில் வகுப்பறைகளைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனார்.

ஒருமுறை அவரைப் பார்க்க அங்கே போயிருந்தேன். வகுப்புகள் முடிந்து அறைகள் காலியாக இருந்தன. அக்கா கையில் துடைப்பானோடு, எழுத்து நிறைந்த ஒரு கரும்பலகையின் முன் நின்றுகொண்டிருந்தார். ஓர் ஆறு மலையிலிருந்து கடல்வரை எப்படிப் போகிறது என்பதை யாரோ அம்புக்குறிகளோடு மலாயில் விளக்கியிருந்தார்கள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்று அறை இன்னும் பாக்கி, இப்படி நின்றால் எப்போது முடிப்பது என்று நிலையத்துக்காரர் வெளியிலிருந்து சத்தம் போட்டார். "இந்தா ஆச்சு தவுக்கே" என்று முதலாளிக்குப் பதில் சொல்லிவிட்டு, கடைசி வரிவரை படித்து முடித்துத்தான் அழித்தார். அதுவும் மலையிலிருந்து தொடங்கிக் கடலில் முடித்தார்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தமிழிலக்கியம் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் மகிழ்ச்சியைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது. "தமிழ் படிக்க எதுக்கும்மா யுனிவர்சிட்டி? அதான் வீட்டுலயே பேசுறோம்லா" என்றார் என் மாமா. அக்கா மட்டும் அதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். தமிழில் சொல் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்று சொல்லிச் சிரித்தார். அப்படிச் சொல்லும்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

முதல் விடுமுறையில் நான் வீடு வந்த அன்று மாலையே அவர் வந்தார். சோப்புத் தண்ணீரில் கை விரல்கள் வெடித்திருந்தன. அம்மா கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு என் எதிரில் அமர்ந்தார்.

"சொல்லு. என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

விடுதியில் மூன்று மாதம் கழித்திருந்தேன். மருத்துவம் படிப்பவர்களும் பொறியியல் படிப்பவர்களும் என்ன பாடம் என்று கேட்பார்கள். நான் சொன்னதும் ஒரு கணம் பேச்சு நிற்கும். அந்தக் கணத்துக்கு அஞ்சி, கேட்பவருக்கு முன்பே என் படிப்பைச் சிறிதாக்கிச் சொல்லப் பழகியிருந்தேன். அதே குரலில் அக்காவுக்கும் பதில் சொன்னேன்.

"அதெல்லாம் சொன்னாப் புரியாதுக்கா. பரீட்சைக்குப் படிக்கிறதுதானே."

அவர் என்னைப் பார்த்தார். "தமிழ்தானே?" என்று கேட்டார்.

"ஆமா. ஆனா பழைய தமிழ்."

"சரி" என்றார். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அந்த விடுமுறைக்கு முந்தைய வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் பெரிதன்று. பழைய அகப்பாடல்களில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் தோழிக்கும் பெயர் கிடையாது; பெயர் சுட்டிச் சொல்வது மரபன்று. பெயரைச் சொல்லிவிட்டால் அந்தத் துயரம் ஒருவருடையதாகிவிடும். சொல்லாவிட்டால் கேட்பவர் யாராயினும் அதில் தமக்குரியதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். தீபாவளிக் கூறுகளுக்கு முதுகு காட்டி நின்று பெயர் சொன்னவர் அதைக் கேட்டிருந்தால் என்ன குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு மட்டுமே தோன்றியிருக்கும்.

பல்கலைக்கழகம் திரும்பிய பின்தான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மொழி இடையில் நின்றது என்ற சாக்காவது அண்ணனுக்கு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அடுத்த விடுமுறைக்குள் ஒரு சிறு நோட்டில், அக்காவுக்குச் சொல்ல வேண்டியவை என்று தனியே குறித்து வைத்தேன். ஈப்போ வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலருகே இயந்திரத்தில் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா வா. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். பக்கத்தில் அமர்ந்து காத்திருந்தேன். விடுதிச் சோறு எப்படி, இளைத்துவிட்டாயே, பேருந்தில் இடம் கிடைத்ததா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நான் எதிர்பார்த்தது வரவில்லை. கடைசியில் நானே தொடங்கினேன்.

"அக்கா, இந்தத் தடவ ஒன்னு சொல்லிக் குடுத்தாங்க..."

"இருக்கட்டும் புள்ள. வெளிச்சம் போறதுக்குள்ள இதை முடிக்கணும்" என்றார். அவர் குரலில் கடுமை சிறிதும் இல்லை. இயந்திரத்தை மிதித்தார், அதன் ஓசையில் பேச முடியாது. நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

அதன்பின் எங்கள் தமிழ்க் கழகத்தில், பட்டப்படிப்பு அதற்காகும் செலவுக்குத் தகுமா என்று ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன். இரு தரப்பும் நன்றாகவே பேசின. கட்டணம், கழிந்த ஆண்டுகள், பின்னால் வரும் சம்பளம், வேலை கிடைக்காத பட்டதாரிகள் என்று எல்லாம் வந்தன. செலவு செய்தவரும் படித்தவரும் ஒருவரே என்று அங்கே பேசிய அத்தனை பேரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு, தகும் என்று வந்தது. நானும் கைதட்டினேன்.

அக்காவின் தாய் அந்த ஆண்டு காலமானார். தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லி அண்ணன் ஒரு வரன் பார்த்தார். பாரிட் புந்தாரில் அரிசி ஆலையில் வேலை செய்பவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். திருமணம் கோயிலில் எளிமையாக நடந்தது. எனக்குத் தேர்வு இருந்ததால் போக இயலவில்லை.

தேர்வு முடிந்ததும் எழுதத் தொடங்கினேன். நோட்டில் குறித்தவற்றைக் கடிதத்துக்கு ஒன்றாக, எளிய தமிழில், அண்ணனின் முதல் ஆண்டுக் கடிதங்களைப் போல நீளமாக எழுதினேன். பெயர் சுட்டாத மரபை எழுதினேன். ஒரு நிலத்தின் பூவைச் சொன்னாலே ஒரு மனநிலையைச் சொன்னதாகும் என்பதை எழுதினேன். எங்கள் தோட்டத்துக்குப் பால் மரத்துப் பூவைச் சொல்லலாமா, அது எந்த மனநிலைக்கு உரியது என்று அவரிடமே கேட்டிருந்தேன். அவர் இந்தக் கேள்வியை விட மாட்டார் என்று நம்பினேன். ஐந்து கடிதங்கள் போட்டேன்.

பதில் ஒன்று வந்தது. நீல நிறக் கடிதத் தாள். அண்ணன் வழக்கமாக எழுதியதும் அதில்தான். எழுத்து மட்டும் வேறு. மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் பள்ளி நோட்டில் எழுதியதுபோல் உருண்டையாக இருந்தது. விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன்.

நலம். நலமறிய ஆவல். இங்கு எல்லாம் நன்றாகப் போகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.